இரண்டு காந்திமதி

ஆதார் கார்டு கையில் இருக்கிறதா? அசலா? சரி. கொஞ்ச நேரம் என்னோடு உட்கார முடியுமா?

பயப்படாதீர்கள் அம்மா. சொத்து கித்து ஒன்றும் எழுதவில்லை. கல்யாணத்தைப் பதிவு பண்ண வந்திருக்கிறேன். ஒரு சாட்சி குறைகிறது.

என் கல்யாணம்தான். சிரிக்க வேண்டாம். கல்யாணம் ஆகி நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. பதிவுதான் இன்றைக்கு. பெண்டாட்டி இனிமேல்தான் வரவேண்டும். பதினோரு மணிக்குச் சரியாக வா என்று சொன்னேன். வரவில்லை. வருவாள்.

ஒரு சாட்சி வந்தாயிற்று. எங்கள் மாடியில் குடியிருப்பவர். டீ குடிக்கப் போயிருக்கிறார். இன்னொருவர் என்னோடு மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். காலையில் போன் பண்ணி, தலை சுற்றுகிறது என்கிறார். தலை சுற்ற வேறு நாள் கிடைக்கவில்லை அவருக்கு. நீங்கள் வில்லங்கச் சான்றுக்குத்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? அந்தக் கவுண்டரில் ஆளே இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவார். எனக்கு இந்த ஆபீஸ் பழக்கம்.

ஒரு விஷயம். உள்ளே இருக்கிற அதிகாரி அம்மா கேட்பார், இவர்களை உங்களுக்குத் தெரியுமா என்று. தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பொய்க் கையெழுத்து வாங்குகிற ஆள் இல்லை. அதனால் சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்தால் தெரிந்தவர் ஆகிவிடுவீர்கள். அவ்வளவுதான்.

என் பெயர் வேலாயுதம். மின்வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெண்டாட்டி டாக்டர் காந்திமதி. ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஆபரேஷனில் வெட்டி எடுத்த சதையைச் சீவல் சீவலாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற டாக்டர். புற்றுநோயா இல்லையா என்று சொல்வாள். ஓய்வு பெற்றும் போகிறாள். சம்பளம் கிடையாது. தகடு இருந்தால் போதும் அவளுக்கு.

அதோடு ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் என்ன என்று எனக்கும் முதலில் தெரியாது. கட்டுரை எழுதுவது. வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்புவது. அவன் குறை சொல்லித் திருப்பி அனுப்புவான். திருத்தி மறுபடி அனுப்புவது. ஒரு நாள் அச்சாகும். ஒரு பைசா வராது. பிறகு உலகத்தில் எங்கேயாவது எவனாவது கட்டுரை எழுதும்போது, இன்னார் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று இவள் பெயரைப் போட வேண்டும். அதற்கு மேற்கோள் என்று பெயர். எத்தனை பேர் போட்டார்கள் என்று கம்ப்யூட்டரில் ஒரு கம்பெனிக்காரன் எண்ணிக்கொண்டே இருக்கிறான். மின்சார மீட்டர் மாதிரி. ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் போன பிறகும் ஓடுமாம். அந்த மீட்டரைப் பார்த்துத்தான் பதவி, பரிசு, மரியாதை எல்லாம்.

இவள் மீட்டரில்தான் கோளாறு. ஒரே வீட்டுக்கு இரண்டு மீட்டர். ஒன்று எஸ். காந்திமதி. இன்னொன்று வி. காந்திமதி. கம்பெனிக்காரன் கணக்கில் இரண்டு பேரும் வேறு வேறு பெண்கள். கம்ப்யூட்டருக்கு மூளை கிடையாது. நான் எப்போதும் சொல்வேன்.

எஸ் என்றால் சுடலைமுத்து. என் மாமனார். பாளையங்கோட்டையில் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டிப் பெண்ணை டாக்டருக்குப் படிக்க வைத்தார். வி என்றால் நான். கல்யாணம் ஆன பிறகு வேறு யார் எழுத்தைப் போடுவாள்? நீங்களே சொல்லுங்கள்.

எஸ்ஸாக இருந்தபோது அவள் எழுதியது ஒரே ஒரு கட்டுரை. பாளையங்கோட்டைப் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் அதிகம். வாயில் புகையிலை அடக்கிக்கொண்டுதான் சுற்றுவார்கள். கன்னத்து உள்பக்கம் வெள்ளையாகத் திட்டு விழும். எல்லாத் திட்டும் புற்றுநோய் ஆகாது. எது ஆகும், எது ஆகாது? யாருக்கும் தெரியாது. இவள் வாரா வாரம் பஸ் ஏறி அந்த ஊர்களுக்குப் போவாள். அந்தப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, டார்ச் அடித்து வாயைப் பார்ப்பாள். வருடக்கணக்காக ஒரே ஆட்களை மறுபடி மறுபடி பார்த்தாள். மைக்ராஸ்கோப்பில் ஒரு அடையாளம் பிடித்தாள். அது இருந்தால் திட்டு கெட்டது, உடனே எடு. இல்லையென்றால் விடு. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அவளுடைய பேராசிரியர், இதையெல்லாம் எவன் போடுவான் என்று தன் பெயரைக்கூடச் சேர்க்கவில்லையாம். பெரியவர்கள் பெயர் இல்லாமல் அந்தக் காலத்தில் ஒரு கட்டுரையும் வெளியே போகாது. இது போயிற்று. லண்டன் பத்திரிகையில் வந்தது. எஸ். காந்திமதி. ஒற்றைப் பெயர்.

அந்த ஒரு கட்டுரைக்கு ஆயிரத்துக்கும் மேல் மேற்கோள். ஜப்பான்காரன், பிரேசில்காரன், எல்லாரும்.

பிறகு கல்யாணம். சென்னைக்கு வந்துவிட்டாள். இங்கே பெரிய மருத்துவமனையில் வேலை. நான்தான் அலைந்து எல்லாவற்றிலும் பெயர் மாற்றினேன். ரேஷன் கார்டு, பேங்கு, பாஸ்போர்ட், மெடிக்கல் கவுன்சில். அரசிதழில்கூட நான்தான் வரிசையில் நின்று போட்டேன். அவளுக்கு எங்கே நேரம்? எங்கள் வாரியத்தில் இணைப்புக்குப் பெயர் மாற்றம் என்றால் ஜனங்கள் ஆறு மாதம் அலைவார்கள். நான் மூன்றே வாரத்தில் முடித்தேன். கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்தேன். பார்த்தாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே,” என்றாள்.

“ஒரு எழுத்துதானே. என்ன வந்துவிடப்போகுது?” என்றேன்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சண்டை கிடையாது. எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது.

அந்த பீடி ஊர்களுக்குப் போவதும் நின்றுபோயிற்று. நான் தடுக்கவில்லை. ஒரு தடவைகூடத் தடுத்ததில்லை. சென்னையிலிருந்து ரயில் ஏறிப் போய் வருவது லேசா? மாதம் ஒரு தடவை போதாதா என்று கேட்டேன். பையன் பிறந்த பிறகு, வருடம் ஒரு தடவை போதாதா என்று கேட்டேன். அவளாகத்தான் விட்டாள். இங்கே இருக்கிற தகடுகளை வைத்து எழுதினாள். தொண்ணூறு கட்டுரைக்கு மேல். எல்லாம் வி. காந்திமதி. எண்ணிக்கை பார்த்தீர்களா? அங்கே ஒன்று. இங்கே தொண்ணூறு. ஆனால் மேற்கோள் மட்டும் வராது. பத்து வரும், பன்னிரண்டு வரும். ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. ஒரு கட்டுரையை அமெரிக்காவுக்கு அனுப்பினாள். அதைப் படித்துக் குறை சொல்ல ஒரு ஆள் இருப்பான் இல்லையா, அவன் எழுதுகிறான்: இந்த ஆசிரியர் தனக்கு முன்னோடியான எஸ். காந்திமதியைச் சரியாகப் படித்ததாகத் தெரியவில்லை, அவருக்கு உரிய மரியாதை தரவில்லை என்று. ஒரு வாரம் சிரித்தாள். சாப்பிடும்போது நினைத்து நினைத்துச் சிரித்தாள். நான் பதில் எழுதச் சொன்னேன். அடே முட்டாள், அவள்தான் இவள் என்று எழுது. எழுதவில்லை. எஸ். காந்திமதிக்கு நன்றி என்று ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. இன்டர்வியூ கதையைக் கேளுங்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

துறைத்தலைவர் பதவிக்கு இன்டர்வியூ. அந்தக் கோடை முழுக்க வீட்டில் அதே பேச்சு. இவளைவிட மூத்தவர் இல்லை. விண்ணப்பம் முழுவதும் நான்தான் தயார் பண்ணினேன். கட்டுரைப் பட்டியல், சான்றிதழ் நகல், எல்லாம் வரிசையாக, கொக்கி போட்டு. வாரியத்தில் என் கோப்பு என்றால் மேலதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். பெயர் பொருந்தாத காகிதம் ஒன்று இருந்தால் முழுக் கோப்புக்கும் ஆட்சேபணை வரும். அது எனக்குத் தெரியும். அதனால் அந்த எஸ் கட்டுரையை எடுத்துவிட்டேன். அவள் புரட்டிப் பார்த்தாள்.

“எஸ்ஸ எடுத்துட்டீங்களா?”

“பேர் ஒத்துவராதும்மா. ஆட்சேபணை வரும்.”

தலையை ஆட்டினாள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள்.

இன்டர்வியூவுக்கு டில்லியிலிருந்து ஒரு நிபுணர். கமிட்டிக்குக் காகிதம் எடுத்துக்கொடுக்க டாக்டர் பிளாரன்ஸ் உள்ளே உட்கார்ந்திருந்தார். இவளோடு வேலை பார்க்கிறவர், வயதில் சின்னவர். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த டில்லிக்காரன் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தானாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினானாம். “அம்மா, இவ்வளவும் எஸ். காந்திமதி போட்ட பாதை. அந்த அம்மா கண்டுபிடித்ததையே நீங்கள் மறுபடி மறுபடி சரிபார்த்திருக்கிறீர்கள். உங்களுடையது என்று சொல்ல என்ன இருக்கிறது?”

என்ன பதில் சொல்ல வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள். நான்தான் அந்த எஸ் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டுமா இல்லையா?

இவள் சொன்னாளாம், “நீங்க சொல்றது சரி சார். அவங்களத் தாண்டி நான் போகல.”

பதவி வேறு ஆளுக்குப் போயிற்று.

டாக்டர் பிளாரன்ஸ் ரொம்ப நாள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் வைத்துத்தான் என்னிடம் சொன்னார். “மேடமே சொல்லுவாங்கன்னு நான் பேசாம இருந்துட்டேன் சார்,” என்றார். நான் பந்தியிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கத்தினேன். உனக்கு வாய் இல்லையா, அந்த ஆள் அப்படிக் கேட்கிறான், நீ சரி என்கிறாய். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அவர் சொன்னது சரிதானே,” என்றாள்.

“அந்த எஸ்ஸு நீதானேடி!”

“அப்படியா?” என்றாள்.

அவ்வளவுதான். அப்படியா என்றால் என்ன அர்த்தம்? வருடக்கணக்காக யோசிக்கிறேன். படித்தவர்கள் பேச்சே எனக்குப் புரிவதில்லை. நான் எவ்வளவு அலைந்திருக்கிறேன் அவளுக்காக. கொக்கி போட்டுக் கொடுத்த கோப்பு அது.

தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள். இந்த ஆபீசில் மின்விசிறி ஓடுகிறதே தவிரக் காற்று வருவதில்லை. கெப்பாசிட்டர் போயிருக்கும். மாற்ற ஆள் இல்லை.

இப்போது எதற்கு இந்தப் பதிவு என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். அவளுடைய மருத்துவமனையில் வாழ்நாள் சாதனை விருதுக்கு இவள் பெயரை அனுப்புகிறார்கள். டில்லிக்கு. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அங்கே நூலகத்தில் பெனாசிர் என்று ஒரு பெண். கெட்டிக்காரி. அவள்தான் கம்ப்யூட்டரைத் துழாவிக் கண்டுபிடித்தாள், மேடம் இரண்டு பேராக இருக்கிறார் என்று. தனியாக வி மட்டும் போனால் விருது கிடைக்காது. மீட்டர் போதாது. இரண்டையும் சேர்த்துவிட்டால் நிச்சயம். சேர்க்கக் கம்பெனிக்காரன் அத்தாட்சி கேட்கிறான். கல்யாணப் பதிவுச் சான்றிதழ் இருந்தால் போதும். அதில் பழைய பெயரும் இருக்கும், புருஷன் பெயரும் இருக்கும். அரசிதழ் நகலை வைத்திருந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். பெருமழை வந்த வருடம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து எல்லாம் போயிற்று.

அவளிடம் சொன்னேன். வேண்டாம் என்றாள்.

“ரெண்டு பேரும் ரெண்டு பேராவே இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?”

நஷ்டமா? இந்த விருதாவது வந்தால் அந்த டில்லிக்காரன் முகத்தில்... அவன் போய்ச் சேர்ந்திருப்பான். இருந்தாலும். எனக்கு எழுபத்தெட்டு ஆகிறது. இதை முடித்துவிட்டால் என் வேலை முடிந்தது. அவளுக்கு நான் செய்ய வேண்டியது வேறு ஒன்றும் பாக்கி இல்லை. அதனால் கேட்காமல் நானே நேரம் குறித்து, விண்ணப்பம் போட்டு, வந்து உட்கார்ந்திருக்கிறேன். காலையில் கிளம்பும்போது சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு தகடு பார்க்கப் போய்விட்டாள்.

உள்ளே அதற்குள் ஒரு தகராறு. மணமகள் பெயர் என்ற இடத்தில் நான் வி. காந்திமதி என்று எழுதிவிட்டேன். கை பழக்கம். அந்த அதிகாரி அம்மா அந்த வி-யைப் பேனாவால் அடித்துவிட்டார். “கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே உங்க எழுத்து அவங்களுக்கு எப்படி சார் வந்துச்சு?” என்கிறார். பக்கத்தில் இருந்த குமாஸ்தா சிரிக்கிறான். மணமகள் பழைய பெயரில்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். எஸ். காந்திமதி என்று. இத்தனை வருடம் வி போட்ட கை. என்ன ஆகும்? கோணல்மாணலாக வரும், பழைய மார்க்ஷீட்டோடு ஒத்துவரவில்லை என்பார்கள், மறுபடி அலை என்பார்கள். அதுதான் எனக்குக் கவலை. வந்தவுடன் வெள்ளைத்தாளில் நாலு தடவை எழுதிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அதோ. ஆட்டோவிலிருந்து இறங்குகிறாள் பாருங்கள். கறுப்புப் பை. அவள்தான். நான் சொன்னேன் இல்லையா, வருவாள் என்று.

இங்கே. இங்கே வா. மணி என்ன ஆகிறது? சரி சரி, உட்கார். இவர்தான் சாட்சி. இப்போதுதான் பழக்கம். எல்லாம் சொல்லிவிட்டேன். ஏன் அப்படிப் பார்க்கிறாய்? தெரிந்துகொண்டுதானே கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தா, இது விண்ணப்பம். இந்த இடத்தில். பொறு, நேராகப் போட்டுவிடாதே. எஸ் போட வேண்டும். தாள் தருகிறேன், எழுதிப் பார்த்து...

போட்டுவிட்டாள்.

பார்த்தீர்களா? ஒரே இழுப்பு. நேற்றுப் போட்டவள் மாதிரி. அந்த எஸ்ஸின் வால் பாருங்கள், மார்க்ஷீட்டில் இருப்பது அப்படியே. எங்கே பழகினாய்? கேட்கிறேன், எங்கே பழகினாய்? சிரிக்கிறாள்.

போன் அடிக்கிறது. பெனாசிர்தான். ஹலோ. சொல்லும்மா. ஆமாம், வந்துவிட்டார்கள். சாயங்காலம் சான்றிதழ் கையில் கிடைத்துவிடும். உடனே அனுப்புகிறேன். என்ன? சத்தமாகச் சொல்லு. சேர்த்த பிறகு மேலே எந்தப் பெயர் நிற்கணுமா? இதென்னம்மா கேள்வி. ஒரு பெயர்தான் போட முடியும் என்றால் வி போடு. தொண்ணூறு கட்டுரை அதில்தானே இருக்கிறது. பென்ஷன் அதில்தான். ஆதார் அதில்தான். வி.

என்ன? இரு பெனாசிர், இவள் கையை நீட்டுகிறாள். மேடம் பேசணுமாம்.

சும்மா ஒரு நிமிடம் இருங்கள் அம்மா, பேசட்டும்.

எஸ் என்கிறாள்.

எஸ் போடச் சொல்கிறாள். கேட்கிறதா உங்களுக்கும்? அப்போது அந்தத் தொண்ணூறு? ராத்திரி ராத்திரியாக விழித்து எழுதினாயே, அது? அதையும் அவளிடமே சேர்த்துவிடு என்கிறாள். போனில் சொல்லியே விட்டாள். முடிந்தது.

காந்திமதி, நாளைக்கு டில்லியில் மேடையில் கூப்பிடுவான். எஸ். காந்திமதி என்று கூப்பிடுவான். நான் கீழே உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் இருக்கிறவன் கேட்டால் நான் யார் என்று சொல்வது?

என்ன சொல்கிறாள் கேட்டீர்களா? ஒரு எழுத்துதானே என்கிறாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். போனை என் சட்டைப் பையில் அவளே போடுகிறாள். பொத்தான் கழன்றிருக்கிறது என்கிறாள்.

சரி. சரி. எனக்கு என்ன வந்தது. அலைந்தவன் நான், சேர்ந்தால் போதும். உள்ளே கூப்பிடுகிறார்கள். எழுந்திருங்கள் அம்மா. மாடிக்காரர் எங்கே, டீ குடிக்கப் போனவர் தூத்துக்குடிக்கா போனார்? அதோ வருகிறார்.

பேனா இந்தாருங்கள். சாட்சி இரண்டு என்று இருக்கிற இடத்தில் உங்கள் பெயர். இனிஷியலோடு போடுங்கள்.

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? எழுதுங்கள். அது யாருடைய எழுத்து, அப்பாவுடையதா, வீட்டுக்காரருடையதா?

விடுங்கள். எனக்கெதற்கு. தெளிவாகப் போடுங்கள், போதும்.